முகமூடி, மோட்டார் சைக்கிள், பழைய இரும்பு: எதிர்காலக் கும்பல்கள் எங்கிருந்து வருகின்றன?

புலம்பெயர்ந்த எங்கள் பிள்ளைகள் சிலர் பெருவிரல் உயரமுள்ள பிளாஸ்ரிக் பொம்மைகளுக்கு மெல்லிய தூரிகையால் நிறம் பூசி, மேசையில் அடுக்கி, தாயக்கட்டை உருட்டி யுத்தம் விளையாடுகிறார்கள். லண்டனிலும் டொரன்ரோவிலும் இருக்கும் உறவினர்கள் அனுப்பும் படங்களில் இதை நீங்களும் கண்டிருக்கலாம். “எங்கட சனம் பட்டது போதாதெண்டு இவங்கள் மேசையில வைச்சுச் சண்டை பிடிக்கிறாங்கள்” என்று ஒரு பெரியம்மா என்னிடம் கோபமாகச் சொன்னார். அந்தக் கோபம் எனக்கு விளங்கியது. ஆனால் ஊடகக் கற்கை படித்தவள் என்ற வகையில் எனக்கு வேறொரு கேள்வியும் இருந்தது. இந்தப் பொம்மைகளின் தலைமுடி, முகமூடி, சப்பாத்து, ஆயுதம் எல்லாவற்றையும் யாரோ ஒருவர் யோசித்து வடிவமைத்திருக்கிறார். அந்த உருவங்கள் எங்கிருந்து வந்தன? கும்பல் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று யார் முடிவு செய்தார்கள்?

இந்தக் கட்டுரையில் ஒரேயொரு விளையாட்டை எடுத்துப் பார்க்கிறேன். அதன் பெயர் நெக்ரோமுண்டா. பிரித்தானியாவின் கேம்ஸ் வேர்க்ஷொப் நிறுவனம் இதை 1995இல் வெளியிட்டது. பின்னர் 2017இல் புதிய வடிவில் மீண்டும் கொண்டுவந்தது. அந்த நிறுவனத்தின் புகழ்பெற்ற ‘வார்ஹாமர் 40,000’ என்ற கற்பனை உலகத்தின் ஒரு மூலைதான் நெக்ரோமுண்டா. பெரிய விளையாட்டில் படைகள் மோதும். இதில் பத்துப் பேர் அளவிலான தெருக் கும்பல்கள் மோதும்.

மேலும் கீழுமாக ஒரு நகரம்

நெக்ரோமுண்டா ஒரு கிரகம். ஆலைக் கழிவால் நிலமும் காற்றும் நஞ்சாகிப்போனதால், மக்கள் மலைபோல உயர்ந்த அடுக்கு நகரங்களுக்குள் வாழ்கிறார்கள். உச்சியில் பிரபுக்கள். நடுவில் ஆலைகளும் தொழிலாளர்களும். அடியில் இடிந்து, இருண்டு, கைவிடப்பட்ட தளங்கள். கும்பல்கள் சண்டை பிடிப்பது இந்த அடித்தளத்தில். விளையாட்டு மேசையிலும் இந்த அமைப்புத் தெரியும். ஏணிகள், பாலங்கள், மேல்தட்டுகள் இருக்கும். உயரத்தில் நிற்பவர் அடிபட்டால் கீழே விழுவதற்கும் விதி உண்டு.

மேலே இருப்போர், கீழே இருப்போர் என்ற இந்தப் படம் புதியதல்ல. எச். ஜி. வெல்ஸ் 1895இல் எழுதிய ‘த ரைம் மெஷின்’ நாவலில், மனித இனம் இரண்டாகப் பிரிந்து ஒரு பகுதி நிலத்தடியில் வாழ்கிறது. ஜேர்மன் இயக்குநர் ஃபிரிட்ஸ் லாங் 1927இல் எடுத்த ‘மெட்ரோபொலிஸ்’ படத்தில் பணக்காரர் வானளாவும் கோபுரங்களில் இருக்க, தொழிலாளர் நிலத்தடி நகரத்தில் இருந்து இயந்திரங்களை ஓட்டுகிறார்கள். ரிட்லி ஸ்கொட்டின் ‘பிளேட் ரன்னர்’ (1982) அதே அடுக்கு நகரத்தை மழையிலும் விளம்பர வெளிச்சத்திலும் காட்டியது.

நெக்ரோமுண்டாவுக்கு இன்னும் நெருக்கமான உறவு ‘ஜட்ஜ் டிரெட்’ என்ற பிரித்தானியச் சித்திரக்கதை. ஜோன் வாக்னரும் கார்லோஸ் எஸ்குவெராவும் உருவாக்கிய இந்தப் பாத்திரம் 1977இல் ‘2000 ஏ.டி.’ இதழில் அறிமுகமானது. மெகா சிற்றி வன் என்ற பிரம்மாண்ட நகரம், ஒரே கட்டடத்துக்குள் பல்லாயிரம் பேர், பெரும்பாலானோருக்கு வேலை இல்லை. அங்கே பொலிஸ், நீதிபதி, தண்டனை நிறைவேற்றுபவர் மூவரும் ஒரே ஆள். 1981இல் வந்த ஒரு தொடரில் ஒரு தொடர்மாடிக்காரர் அடுத்த தொடர்மாடிக்காரருடன் பெரும் யுத்தமே நடத்துகிறார்கள். கேம்ஸ் வேர்க்ஷொப் நிறுவனமே 1980களில் டிரெட்டை வைத்துப் பலகை விளையாட்டும் பாத்திர விளையாட்டும் வெளியிட்டிருந்தது. ஆகவே அந்த நகரத்தின் காற்று நெக்ரோமுண்டாவில் வீசுவதில் ஆச்சரியம் இல்லை.

டிரெட் கதை அதிகாரத்தைப் பகிடி பண்ணும் கதை. எல்லை மீறிய பொலிஸ் அதிகாரம் எப்படி இருக்கும் என்று மிகைப்படுத்திக் காட்டியது. அந்தப் பகிடி வாசிப்பவருக்கு விளங்காமற் போனால் என்ன நடக்கும் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

ஆறு வீடுகள், ஆறு முகங்கள்

1995ஆம் ஆண்டு விளையாட்டில் ஆறு ‘வீடுகள்’ இருந்தன. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கும்பல், ஒரு தோற்றம். அவற்றைப் பார்க்கும்போது எனக்குத் தெரியும் சாயல்களைச் சொல்கிறேன்.

ஓர்லொக் கும்பல்: கையில்லாத தோல் ஜக்கெற், தலையில் கட்டிய கைலேஞ்சி, கறுப்புக் கண்ணாடி. அமெரிக்க மோட்டார் சைக்கிள் குழுக்களின் உடுப்பு இது. ஹொலிவூட் பல பத்தாண்டுகளாகக் காட்டிவந்த உருவம்.

கோலியாத் கும்பல்: வீங்கிய தசை, நடுத்தலையில் மட்டும் நிமிர்ந்த முடி, கூர்முனை வைத்த தோட்கவசம். இதைப் பார்த்ததும் அவுஸ்திரேலிய இயக்குநர் ஜோர்ஜ் மில்லரின் ‘மேட் மெக்ஸ் 2’ (1981) நினைவுக்கு வரும். பெற்றோலுக்காக ஆளை ஆள் கொல்லும் பாலைவனக் கொள்ளையர் அதில் வருவார்கள். அந்தப் படம் அமெரிக்காவில் ‘த றோட் வோரியர்’ என்ற பெயரில் ஓடியது. அந்தப் படத்தின் பெயரைக் கொண்டு ‘றோட் வோரியர்ஸ்’ என்று அழைக்கப்பட்ட இரண்டு மல்யுத்த வீரர்கள், முகத்தில் நிறம் பூசி, தோளில் ஆணிக் கவசம் மாட்டி மேடையேறினார்கள். படத்திலிருந்து மல்யுத்த மேடைக்கும், அங்கிருந்து சிறுவர்களின் பொம்மைகளுக்கும் அந்த உருவம் போனது.

எஷர் கும்பல்: முழுவதும் பெண்கள். நிறம் பூசிய உயர்ந்த தலைமுடி, இறுக்கமான உடை. 1970களின் நடுப்பகுதியில் லண்டனின் கிங்ஸ் றோட் கடையொன்றில் விவியன் வெஸ்ற்வுட்டும் மல்கம் மக்லாரனும் விற்ற கிழிந்த உடுப்புகள், ஊசிகள், சங்கிலிகள், அவற்றைச் சுற்றி எழுந்த பங்க் இசை ஆகியவற்றின் பேரப்பிள்ளைகள் இவர்கள். பங்க் என்பது வேலையில்லாத, எதிர்காலம் தெரியாத ஒரு தலைமுறையின் கோபம். அந்தக் கோபத்தின் காரணம் மறைந்து, தலைமுடி மட்டும் எதிர்காலத்துக்கு எடுத்துச் செல்லப்பட்டது.

வான் சார் கும்பல்: உடம்போடு ஒட்டிய கவச உடை, நல்ல ஆயுதங்கள். டேவிட் லின்ஞ்சின் ‘டியூன்’ (1984) படத்தில் பாலைவன மக்கள் அணியும் உடையை ஒத்தது. புதிய பதிப்பில் இதற்கு ஒரு சோகமான காரணமும் சேர்த்தார்கள். அவர்களுடைய தொழில்நுட்பத்தின் ஊற்றே கதிர்வீச்சால் அவர்களைக் கொல்கிறது. அந்த உடைதான் உயிரைப் பிடித்து வைத்திருக்கிறது.

டெலாக் கும்பல்: மொட்டைத்தலை, நீண்ட கோட், கறுப்புக் கண்ணாடி. பழைய கறுப்பு வெள்ளைத் துப்பறியும் படங்களிலும் பனிப்போர் காலத்து உளவாளிக் கதைகளிலும் வரும் உருவம். இவர்களின் தொழில் தகவல் விற்பது.

கோடர் கும்பல்: மத வெறியர். கிழிந்த அங்கி, தலைமூடி, முகமூடி. மத்தியகால ஐரோப்பாவில் தங்களைத் தாங்களே சாட்டையால் அடித்துக்கொண்டு ஊர்வலம் போன பக்தர்களை நினைவூட்டுவது.

கடைசி இரண்டையும் பார்க்கும்போது என் வயதுக்காரருக்கும் மூத்தவர்களுக்கும் வேறொரு படமும் வந்துபோகும். சுற்றிவளைப்பு நாட்களில் ஊர்ச்சனத்தை வரிசையாக நடக்கவிட்டு, முகமூடி போட்ட ஒருவரை வாகனத்தில் இருத்தியிருப்பார்கள். அவர் தலை அசைத்தால் போனவர் போனவர்தான். ‘தலையாட்டி’ என்று நாங்கள் சொன்ன அந்த உருவத்தை எந்த வடிவமைப்பாளரும் கற்பனை செய்யவில்லை. ஒரு நாட்டில் வெறும் அலங்காரமாக இருக்கும் முகமூடி, இன்னொரு நாட்டில் காணாமற்போன பிள்ளையின் கடைசி நாள்.

ஒரு கும்பலை எப்படி வடிவமைக்கிறார்கள்?

இந்தப் பொம்மைகளைக் கூர்ந்து பார்த்தால் மூன்று பொது விதிகள் பிடிபடும்.

முதலாவது, நிழலுருவம். பொம்மை ஏறத்தாழ மூன்று சென்ரிமீற்றர் உயரம்தான். மேசையின் மறுபக்கத்தில் நிற்பவருக்கு முகம் தெரியாது. அதனால் தூரத்திலிருந்தே ஆள் யாரென்று தெரிய வேண்டும். உயர்ந்த முடி என்றால் எஷர், அகன்ற தோள் என்றால் கோலியாத், நீண்ட கோட் என்றால் டெலாக். வோல்ரர் ஹில் இயக்கிய ‘த வோரியர்ஸ்’ (1979) படம் இதைத் திரையில் முன்னரே செய்திருந்தது. நியூயோர்க்கின் கொனி ஐலண்ட் கும்பலொன்று, செய்யாத கொலைக்குப் பழி சுமந்து, ஓரிரவில் எதிரிகளின் பகுதிகளைக் கடந்து வீடு திரும்ப வேண்டும். வழியில் வரும் ஒவ்வொரு கும்பலுக்கும் ஒரு சீருடை. பேஸ்போல் உடுப்பும் நிறம் பூசிய முகமுமாக ஒரு கும்பல் கையில் மட்டையுடன் துரத்தும். அந்தக் கதையின் வேர் இன்னும் பழையது. பாரசீகத்தில் சிக்கிய கிரேக்கப் படையினர் ஊர் திரும்பியதைப் பற்றி செனபோன் எழுதிய நூலைத் தழுவி சோல் யூரிக் 1965இல் எழுதிய நாவலே படமானது.

இரண்டாவது, தொழில். நல்ல கும்பல் வடிவமைப்பில் ‘இவர்கள் எதைச் செய்து சாப்பிடுகிறார்கள்?’ என்ற கேள்விக்குப் பதில் இருக்கும். புதிய நெக்ரோமுண்டாவில் கோலியாத்துகள் உலைக்களத் தொழிலாளர். ஓர்லொக்குகள் இரும்புச் சுரங்கக்காரர். எஷர்கள் இரசாயனமும் மருந்தும் செய்பவர்கள். கோடர்கள் குப்பை பொறுக்குபவர்கள். ஆயுதங்களும் அதற்கேற்பவே இருக்கும். உலைக்காரன் கையில் சம்மட்டி, குப்பைக்காரன் கையில் ஒட்டுப்போட்ட துவக்கு. கட்சுஹிரோ ஒட்டோமோவின் ‘அகிரா’ (1988) ஜப்பானியப் படத்தில், கதாநாயகனின் சிவப்பு ஜக்கெற்றின் முதுகில் ஒரு மாத்திரையின் படம் இருக்கும். அந்தப் பொடியள் எந்த உலகத்தில் வளர்ந்தார்கள் என்பதற்கு அந்த மாத்திரையே சாட்சி.

மூன்றாவது, பழைய பொருள். எதிர்காலக் கும்பலின் உடலில் புதிதாக எதுவும் இருக்காது. ‘மேட் மெக்ஸ் 2’இன் உடை வடிவமைப்பாளர் நோர்மா மொரிசோ விளையாட்டு வீரர்களின் கவசங்கள், தோல் உடுப்புகள், கண்டதும் கடியதும் சேர்த்து அந்த உலகத்தைத் தைத்தார். விளையாடுபவர்களும் அப்படியே செய்வார்கள். ஒரு பெட்டியின் கை, இன்னொரு பெட்டியின் தலை, கொஞ்சம் பசை, உடைந்த பேனாவின் துண்டு என்று சேர்த்துத் தங்களுக்கென்று ஒரு ஆளை உருவாக்குவார்கள்.

இந்த மூன்றாவது விதியைப் பற்றி எங்கள் ஆட்களுக்கு யாரும் வகுப்பு எடுக்கத் தேவையில்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் எங்கள் அம்மா அப்பாக்கள் மோட்டார் சைக்கிளைச் சில துளி பெற்றோலில் உதைத்துக் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதித்து, டைனமோ மின்சாரத்தில் செய்தி கேட்டார்கள். ஜாம் போத்தலுக்குள் திரி வைத்துப் பிள்ளைகளைப் படிப்பித்தார்கள். பனங்குற்றியால் பங்கர் மூடினார்கள். வாகனம் பெற்றோல் இல்லாமல் நின்றுபோன உலகத்தை ஹொலிவூட் கற்பனை செய்தபோது அங்கே கொள்ளையர் மட்டுமே மிஞ்சினார்கள். எங்களிடம் பெற்றோல் நின்றபோது பள்ளிக்கூடம் நடந்தது, சங்கக்கடை நடந்தது, கோயில் திருவிழாவும் நடந்தது. பற்றாக்குறை வந்தால் மனிதர் உடனே கும்பலாகிவிடுவர் என்பது அந்தப் படங்களின் அனுமானம். எங்கள் அனுபவம் அதை ஒத்துக்கொள்ளாது.

படம் கும்பலை உருவாக்குமா?

போருக்குப் பிந்திய ஆண்டுகளில் வடக்கில் வாள்வெட்டுச் சம்பவங்கள் செய்தியாகத் தொடங்கியபோது, அதிகம் கேட்ட விளக்கங்களில் ஒன்று ‘சினிமாவைப் பார்த்துக் கெட்டுப்போகிறார்கள்’ என்பது. முகத்தை மூடி, மோட்டார் சைக்கிளில் வந்து, வாளோடு வீட்டுக்குள் புகுந்து அடித்து நொறுக்கும் காட்சி படத்தில் வருவதுபோலத்தான் இருந்தது. வெட்டுப்பட்டவருக்கு அது படமல்ல. அந்தப் பயத்தை நான் குறைத்துச் சொல்ல வரவில்லை.

ஆனால் இந்த விவாதம் எங்களோடு தொடங்கியதுமல்ல. ‘த வோரியர்ஸ்’ ஓடியபோது அரங்குகளைச் சூழ வன்முறை நடந்ததாகச் செய்தி வந்து, பரமவுண்ட் நிறுவனம் விளம்பரங்களைச் சிறிது காலம் நிறுத்தியது. ஸ்ரான்லி குப்ரிக் 1971இல் எடுத்த ‘எ குளொக்வேர்க் ஒரேஞ்ச்’ படத்தில் வெள்ளை உடுப்பும் வட்டத் தொப்பியும் அணிந்த இளைஞர் கும்பலொன்று வருகிறது. அதைப் பார்த்துக் குற்றம் செய்கிறார்கள் என்று பிரித்தானியப் பத்திரிகைகள் எழுத, இயக்குநரே அங்கே படத்தை மீளப்பெறச் செய்தார். 1999இல் அவர் இறந்த பிறகுதான் அது மீண்டும் அங்குள்ள அரங்குகளுக்கு வந்தது.

இந்த விடயத்தில் எனக்கு அதிகம் உதவியது சமூகவியலாளர் ஸ்ரான்லி கோகன் 1972இல் வெளியிட்ட ஆய்வு. 1964இல் இங்கிலாந்தின் கடற்கரை ஊர்களில் ‘மொட்ஸ்’, ‘றொக்கர்ஸ்’ என்ற இரண்டு இளைஞர் கூட்டங்கள் மோதின. ஒரு கூட்டத்திடம் ஸ்கூட்டர், மற்றக் கூட்டத்திடம் பெரிய மோட்டார் சைக்கிளும் தோல் ஜக்கெற்றும். நடந்ததைவிடப் பல மடங்கு பெரிதாகப் பத்திரிகைகள் எழுதின, அடுத்த விடுமுறைக்கும் கலவரம் வரும் என்று முன்கூட்டியே அறிவித்தன. அந்தச் செய்திகள் இரு கூட்டங்களுக்கும் இடையிலிருந்த கோட்டை இன்னும் தடிப்பாகக் கீறின, வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கும் ஒரு பாத்திரம் கொடுத்தன. குறித்த உடுப்புப் போட்ட எவரும் குற்றவாளி போலத் தெரியத் தொடங்கினார்கள். சமூகம் தன் பயங்களை ஒரு கூட்டத்தின் தலையில் இறக்கிவைப்பதைக் கோகன் விளக்கினார். இதைத் தமிழில் ‘அறப் பதற்றம்’ எனலாம்.

எங்கள் ஊடகங்களிலும் இதைக் காணலாம். மேசையில் வரிசையாக அடுக்கிய வாள்கள், பின்னால் முகம் திருப்பி நிற்கும் பொடியள், பெரிய எழுத்தில் கும்பலின் பெயர். அந்தப் படம் வெளிவந்ததும் அந்தக் கும்பலுக்கு ஒரு சின்னமும் புகழும் கிடைத்துவிடுகிறது. தலைமுடியை வித்தியாசமாக வெட்டிய இன்னொரு பொடியன் அடுத்த சோதனைச் சாவடியில் மறிக்கப்படுகிறான். யார் வாளைக் கொடுத்தது, வேலை எங்கே போனது, போதைப்பொருள் எப்படி வருகிறது, இத்தனை இராணுவமும் பொலிஸும் இருக்கும் இடத்தில் இது எப்படி நடக்கிறது என்ற கேள்விகள் அடுத்த நாள் செய்தியில் இருப்பதில்லை. நெக்ரோமுண்டாவின் கதாசிரியர்கள் இதில் ஒரு விடயத்தைச் சரியாகப் பிடித்தார்கள். அவர்களுடைய உலகத்தில் அடித்தளக் கும்பல்களின் பின்னால் மேல்தட்டு வீடுகள் இருக்கின்றன. கீழே சிந்தும் இரத்தத்தில் மேலே யாருக்கோ இலாபம் இருக்கிறது.

ஆறாத காயத்துக்கும் ஒரு விதி

இந்த விளையாட்டில் என்னை நிறுத்தி வைத்த பக்கம் ஒன்று உண்டு. ஒரு கும்பலைத் தொடங்க 1,000 ‘கிரெடிற்’ பணம் தருவார்கள். அதில் ஆட்களையும் ஆயுதங்களையும் வாங்க வேண்டும். ஒரு சண்டை முடிந்தால் விளையாட்டு முடியாது, அதே ஆட்கள் அடுத்த சண்டைக்கும் வருவார்கள். விழுந்தவருக்கு என்ன நடந்தது என்று அறிய இரண்டு தாயக்கட்டைகளை உருட்டி, ஒன்றைப் பத்தாகவும் மற்றதை ஒன்றாகவும் வாசித்து அட்டவணையைப் பார்க்க வேண்டும். மரணம், கால் காயம், ஒரு கண் இழப்பு, பகுதிச் செவிடு, குண்டதிர்ச்சி, எதிரியிடம் பிடிபடுதல் எல்லாம் அதில் உண்டு.

1995 பதிப்பின் அட்டவணையில் ‘பழைய போர்க் காயம்’ என்றொரு வரியும் இருந்தது. அது கிடைத்தவர் ஆறியதுபோலத் தெரிவார். ஆனால் ஒவ்வொரு சண்டைக்கு முன்னும் அவருக்காகக் கட்டை உருட்ட வேண்டும். ஒன்று விழுந்தால் அன்று காயம் வலிக்கிறது, அவர் வரமுடியாது.

உடம்புக்குள் செல் துண்டோடு வாழும் எத்தனை பேரை எங்களுக்குத் தெரியும்? மழைக்காலம் வந்தால் கால் விறைக்கும், பாரம் தூக்கினால் முதுகு பிடிக்கும், கூலி வேலைக்குப் போனால் மூன்றாம் நாள் படுக்கை. அவர்களுக்கு ஒவ்வொரு காலையும் அந்தக் கட்டை உருளுகிறது. ஒரு விளையாட்டுக்குக்கூடத் தெரிந்த இந்த உண்மை, இழப்பீட்டுப் படிவங்களில் இருக்கும் கட்டங்களுக்குள் அடங்குவதில்லை.

அதேநேரம் இந்த மேசையில் பெரும்பாலும் இல்லாதவர்கள் யார் என்றும் பார்க்க வேண்டும். பெட்டிக்குள் வருவது சண்டைக்காரர்கள். சந்தைக்குப் போன தாய், பங்கருக்குள் இருக்கும் பிள்ளை, இறந்தவரைத் தேடி வருபவர் ஆகியோருக்குப் பொம்மை அரிது. பிடிபட்டவரை மீட்கப் பணம் கொடுக்கலாம், சண்டை போட்டு மீட்கலாம். வாசலில் படத்தை வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்காக இருப்பதற்கு விதி இல்லை.

சிறிய போர்களும் பெரிய போர்களும்

பொம்மைப் போரை வீட்டு விளையாட்டாகப் பிரபலமாக்கியவர்களில் ஒருவர், நிலத்தடி மனிதரைப் பற்றி எழுதிய அதே எச். ஜி. வெல்ஸ். ‘லிற்றில் வோர்ஸ்’ என்ற அவருடைய விதி நூல் 1913இல், முதலாம் உலகப் போருக்கு ஓராண்டு முன்னர் வந்தது. மேசையிலேயே இவ்வளவு குழப்பமாக இருக்கும் போர், உண்மையில் எத்தனை பெரிய மடமை என்பதை விளையாடிப் பார்த்தவர் உணர்வார் என்பது அவருடைய வாதம். பிரஷ்யப் படையினரோ அதற்கு முன்பே, 19ஆம் நூற்றாண்டில், இதேபோன்ற விளையாட்டை உண்மையான போருக்கு அதிகாரிகளைப் பழக்கப் பயன்படுத்தினார்கள். ஒரே மேசை இரண்டுக்கும் உதவும்.

பகிடி விளங்காமற் போவதும் நடந்திருக்கிறது. 2021இல் ஸ்பெயினில் நடந்த வார்ஹாமர் போட்டியொன்றுக்கு ஒருவர் நாசிச் சின்னம் பொறித்த உடையோடு வந்தார். அதன் பிறகு கேம்ஸ் வேர்க்ஷொப், தன் கதையில் வரும் கொடிய பேரரசு ஒரு நையாண்டி என்றும் அது யாரும் பின்பற்ற வேண்டிய இலட்சியமல்ல என்றும் அறிக்கை விட வேண்டிவந்தது. உருவம் அழகாக இருந்தால் அதன் பின்னாலிருந்த விமர்சனம் கழன்று விழுந்துவிடுவது இப்படித்தான்.

ஆகவே வெளிநாட்டில் இருக்கும் பேரன் தன் கும்பலைக் காமெராவுக்கு முன்னால் பிடித்துக் காட்டினால், தயவுசெய்து ஏசாதீர்கள். இவன் யார், இவனுக்கு வேலை என்ன, ஏன் முகத்தை மூடியிருக்கிறான், இவனுடைய தாய் எங்கே இருக்கிறாள் என்று கேளுங்கள். அவனிடம் பதில் இல்லாவிட்டால், மண்ணெண்ணெய் மோட்டார் சைக்கிளின் கதையை அவனுக்குச் சொல்லுங்கள். அடுத்த முறை பசையும் பிளாஸ்ரிக் துண்டுகளும் எடுத்து உட்காரும்போது, சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதித்துச் செய்தி கேட்கும் ஒரு கிழவியையும் அவன் அந்த மேசையில் வைக்கக்கூடும்.